வேலூர் வெயிலில் துறவி நண்டு: பவளத் தொட்டிக்கு எதை வாங்கலாம், எதை விடலாம்

கடல்நீர்த் தொட்டி வைத்த முதல் இரண்டு மாதத்தில் எல்லாருக்கும் வருவது பாசிப் பிரச்சினை. முதலில் மணல்மேல் பழுப்பாக ஒரு படலம் படியும், அது டயட்டம். அது அடங்கியதும் கல்லின்மேல் பச்சை முடிப்பாசி கிளம்பும். கடையில் போய்ச் சொன்னால், "பத்து ஹெர்மிட் போடுங்க சார், எல்லாம் க்ளீன் ஆயிடும்" என்பார்கள். அதில் பாதி உண்மை. ஹெர்மிட் என்பது காலிச் சங்கில் குடியிருக்கும் துறவி நண்டு. அது பாசியை மேயும், மீன் தின்னாமல் விட்ட மிச்சத்தைப் பொறுக்கும், நம் விரல் போகாத கல் இடுக்குகளில் நுழைந்து கிளறும். மீதிப் பாதி பில் போடும்போது பேச்சில் வராது: பாசி தீர்ந்ததும் அதற்குத் தீனி வேண்டும். வளர வளரப் பெரிய சங்கு வேண்டும். கிடைக்காவிட்டால் பக்கத்தில் இருக்கும் நத்தையைக் கொன்று அதன் சங்கில் குடியேறும். சில இனங்கள் தூங்கும் மீனையே பிடித்துவிடும்.

அதனால் எந்த நண்டு, எத்தனை, எப்போது என்பதைக் கடைக்குப் போகும் முன்பே வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்துவிட வேண்டும். நம் பக்கத்து ஆட்களுக்கு அதற்கும் முன்னால் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. தண்ணீர் எங்கிருந்து? சித்திரை, வைகாசியில் தொட்டி எவ்வளவு சூடாகும்?

தண்ணீரும் செம்பும்

தண்ணீர் இல்லாத ஆறு, அரசன் இல்லாத கோட்டை என்று வேலூரைக் கேலி செய்வது பழைய வழக்கம். தொட்டி வைப்பவருக்கு அது கேலியே இல்லை. பெரும்பாலான தெருக்களில் போர் தண்ணீர் உப்பும் கடினமும் சேர்ந்தது. ராணிப்பேட்டை, வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் தோல் தொழிற்சாலைக் கழிவு நிலத்தடி நீரில் இறங்கிய வழக்கு 1996-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போனது. காவிரி கூட்டுக் குடிநீர் வரும் வீட்டில் உப்பு குறைவாக இருக்கலாம், குளோரின் இருக்கும். எதையும் நேரே எடுத்து உப்புக் கலக்கக் கூடாது. ஆர்.ஓ. வழியாக வடித்து, அதன்பின் டி.ஐ. ரெசின் (மிச்ச உப்புகளையும் பிடித்துக்கொள்ளும் பிசின்) வழியாக விட்டு, கரைந்த உப்புகளை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் 0 காட்டும் தண்ணீர்தான் கடல் தொட்டிக்கு. கேன் தண்ணீர் வாங்குகிறவர்கள் ஒவ்வொரு கேனையும் மீட்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே கம்பெனி கேன்கூட வாரத்துக்கு வாரம் மாறும்.

வீட்டுச் சமையலறையில் ஆர்.ஓ. இருக்கிறதே, அது போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. அந்த மெஷின்களில் பல, வடித்த தண்ணீரில் ருசிக்காகக் கொஞ்சம் பழைய தண்ணீரையோ தாதுக்களையோ திரும்பக் கலக்கின்றன. அதைவிட முக்கியமான விஷயம், இப்போது விற்கும் சுத்திகரிப்பு மெஷின்களில் 'காப்பர்' என்று பெருமையாக எழுதியிருக்கும் வகை. மனிதருக்கு நல்லது என்று விளம்பரம் செய்யப்படும் அந்தத் தாமிரம் நண்டுக்கும் இறாலுக்கும் நத்தைக்கும் நஞ்சு, மிகச் சிறிய அளவிலேயே. அம்மா செம்புக் குடத்தில் பிடித்து வைத்த தண்ணீரும் அதே கணக்குதான். மீன் நோய்க்குப் போடும் மருந்துகள் பலவற்றிலும் காப்பர் உண்டு. பழைய தொட்டி ஒன்றை யாரிடமாவது வாங்கியிருந்தால், அதில் என்றைக்காவது காப்பர் மருந்து போட்டார்களா என்று விசாரியுங்கள். கல்லும் மணலும் அதை உறிஞ்சி வைத்துக்கொண்டு பிறகு மெல்லக் கசியவிடும். சந்தேகம் இருந்தால் அந்தக் கல்லும் மணலும் வேண்டாம். காப்பர் டெஸ்ட் கிட் ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது நல்ல செலவு.

எண்கள் சுருக்கமாக: உப்புச் செறிவு (ஒப்படர்த்தி அளவில்) 1.024 முதல் 1.026 வரை. வெப்பம் 24 முதல் 27 டிகிரி செல்சியஸ். பி.எச். 8.1-லிருந்து 8.4. அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் சுத்தமாக 0. கால்சியம் 400 பி.பி.எம்.முக்கு மேல், கார எண் 8 முதல் 11 டி.கே.எச். வரை. ரீஃப் சால்ட் ஒரு லிட்டருக்குச் சுமார் 35 கிராம் பிடிக்கும். 100 லிட்டர் தொட்டிக்கு மூன்றரை கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். உப்பை அளக்க ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குங்கள். பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரில் ஒரு காற்றுக் குமிழி முள்ளில் ஒட்டினாலே அளவு தப்பாகிவிடும்.

கத்திரி வெயில்

வேலூரில் மே மாதம் 40 டிகிரியைத் தாண்டுவது செய்தியே இல்லை. ஏசி இல்லாத மாடி வீட்டில் தொட்டித் தண்ணீர் 32, 33 வரை ஏறும். சூடு ஏற ஏறத் தண்ணீரில் கரையும் ஆக்சிஜன் குறையும், நண்டின் உடலுக்கோ ஆக்சிஜன் தேவை கூடும். 30-ஐத் தாண்டினாலே சங்குக்குள் ஒடுங்கிக்கொண்டு சோர்ந்து கிடக்கும். நாட்கணக்கில் நீடித்தால் பிழைக்காது.

நம் ஊர் வெயிலில் ஒரு நல்ல குணம், அது பெரும்பாலும் வறண்டது. சென்னைப் புழுக்கத்தில் சரியாக வேலை செய்யாத ஒரு எளிய வித்தை இங்கே வேலை செய்யும்: தண்ணீர்ப் பரப்பின்மேல் சாய்வாக ஒரு சின்ன டேபிள் ஃபேன். ஆவியாவதால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். பதிலுக்குத் தண்ணீர் குறையும். 100 லிட்டர் தொட்டியில் கோடையில் ஒரே நாளில் இரண்டு மூன்று லிட்டர் போய்விடலாம். ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பு உள்ளேயே தங்கிவிடும். அதனால் திரும்ப ஊற்றுவது உப்பில்லாத டி.ஐ. தண்ணீராக இருக்க வேண்டும். கண்ணாடியில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, காலையும் மாலையும் அந்தக் கோடு வரை ஊற்றுங்கள். மொத்தமாக வாரத்துக்கு ஒரு முறை ஊற்றினால் உப்புச் செறிவு ஏறி இறங்கும். நண்டு அதைத் தாங்காது.

200 லிட்டருக்கு மேல் போகிறவர்களுக்குத் தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் தேவைப்படும். கோடையில் கரண்ட் போகும் நேரத்துக்கு பேட்டரி ஏர் பம்ப் ஒன்று அவசியம். வீட்டு இன்வெர்ட்டரில் வேவ்மேக்கரை (தொட்டிக்குள் தண்ணீரைச் சுழலவிடும் மோட்டார்) இணைக்க முடிந்தால் இன்னும் நல்லது.

தொட்டி முதிர நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். அம்மோனியா, நைட்ரைட் ஏறி இறங்கி 0 ஆகி, கண்ணுக்குத் தெரியும்படி பாசியும் வந்த பிறகே நண்டு. பளபளவென்று இருக்கும் புதுத் தொட்டியில் விட்டால் அதற்குப் பட்டினிதான். புதிதாகத் தொடங்குகிறவர்கள் தொட்டியை ஆடி, ஆவணியில் ஆரம்பித்து ஐப்பசி வாக்கில் நண்டு வாங்கும்படி பார்த்துக்கொண்டால், அடுத்த கோடைக்குள் தொட்டியும் நீங்களும் பழகியிருப்பீர்கள்.

கொடுக்கைப் பாருங்கள், நிறத்தை அப்புறம்

இனி நண்டுக்கு வருவோம். புதியவர்கள் நிறம் பார்த்து வாங்குகிறார்கள். ஆபத்தான இனங்கள்தாம் பல நேரம் கடையிலேயே அழகானவை. நான் சொல்லும் வரிசை வேறு: முதலில் கொடுக்கு, இரண்டாவது அளவு, மூன்றாவது காலில் உள்ள மயிர், கடைசியில் நிறம்.

இரண்டு கொடுக்கும் ஏறக்குறைய ஒரே அளவில் சிறியதாக இருந்தால், அந்த நண்டு பெரும்பாலும் கிள்ளி மேய்கிற சாதி. ஒரு கொடுக்கு மட்டும் பெருத்திருந்தால், உடைக்கவும் சண்டை போடவும் அதற்கு ஆயுதம் இருக்கிறது என்று பொருள். கொடுக்கும் காலும் அடர்ந்த மயிரோடு, ஆளும் பெரிதாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம், தள்ளி நில்லுங்கள். இது எல்லா இனத்துக்கும் பொருந்தும் விதி இல்லை. பெயர் தெரியாத நண்டு முன்னால் நிற்கும்போது கைகொடுக்கும் விதி.

முதல் தொட்டிக்கு என் சிபாரிசு ஸ்கார்லெட் ஹெர்மிட். அறிவியல் பெயர் பகுரிஸ்டஸ் கடெனாட்டி. காலும் கொடுக்கும் செக்கச் சிவப்பு, கண்காம்பு மஞ்சள். இந்த இரண்டும் சேர்ந்திருந்தால் அடையாளம் உறுதி. கரீபியன் கடலைச் சேர்ந்தது, ஒன்றரை அங்குலத்துக்குள் நின்றுவிடும், கொடுக்குகள் சமம். மெதுவான, கூச்ச சுபாவம் உள்ள நண்டு. முடிப்பாசியையும் மிச்சத் தீனியையும் மேயும், நத்தைகளோடு வம்புக்குப் போவது குறைவு. இறக்குமதி ஆவதால் விலை கொஞ்சம் கூடுதல். கொடுத்துவிடுங்கள், ஸ்கார்லெட் ஒன்று, மற்ற வகையில் மூன்றைவிட மேல்.

ப்ளூ லெக் அடுத்தது: கிளிபனாரியஸ் டிரைகலர். இதுவும் கரீபியன்தான். நீலக் கால்கள், மூட்டுகளில் ஆரஞ்சு. ஒரு அங்குலத்தைத் தாண்டுவது அபூர்வம் என்பதால் சின்னஞ்சிறு இடுக்குகளிலும் நுழையும். உழைப்பாளி, ஸ்கார்லெட்டைவிடச் சுறுசுறுப்பு. ஆனால் சங்கு விஷயத்தில் திருடன். சின்ன நத்தைகளைக் கூட்டமாகச் சூழ்ந்து தீர்த்துக்கட்டும் புகார் இதன்மேல்தான் அதிகம். நத்தைகளை நீங்கள் ஆசையாக வைத்திருந்தால் ப்ளூ லெக் வேண்டாம். நத்தை போனால் போகட்டும் என்பவர்களுக்கு அருமையான வேலைக்காரன்.

எலெக்ட்ரிக் ப்ளூ என்று விற்பது கால்சினஸ் எலிகன்ஸ். கறுத்த கால்களில் மின்னும் நீலப் பட்டைகள், ஆரஞ்சு நிற மீசை. இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக்கிலும் வாழ்வது. பார்த்தால் விட்டுவரவே மனம் வராது. இதற்கு இடது கொடுக்கு பெரிது, இரண்டு அங்குலம் வரை வளரும், சின்ன நண்டுகளை அதட்டும். 200 லிட்டருக்கு மேல் தொட்டி, வட்டமான வாயுள்ள டர்போ சங்குகள் நாலைந்து உதிரியாகக் கிடக்கின்றன என்றால் ஒன்று வைக்கலாம். அதன் உறவுக்கார கால்சினஸ் லேவிமானஸ் நம் கடலோரப் பாறைகளிலும் வாழ்கிறது. வழவழப்பான பெரிய இடது கொடுக்கு, நுனி வெள்ளை. குணம் நடுத்தரம். ஒன்றுக்கு மேல் வேண்டாம்.

ஹாலோவீன் ஹெர்மிட்டுக்கு ஆரஞ்சும் சிவப்பும் மாறி மாறிக் கோடுகள். இதன் உடம்பு தட்டையானது, ஏனென்றால் கீறல்போல் குறுகிய வாயுள்ள கோன் சங்குகளில் வாழப் பழகியது. வேறு சங்கு வைத்தால் ஏறாது. கோன் சங்கு உங்களுக்குத் தொடர்ந்து கிடைக்குமா? கிடைக்காது என்றால் விட்டுவிடுங்கள்.

வாங்கவே கூடாதது டார்டானஸ் வகை. சிவப்பு உடம்பில் கறுப்பு விளிம்போடு வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் அது டார்டானஸ் மெகிஸ்டோஸ். கடையில் குட்டியாக இருக்கும்போது எலுமிச்சம்பழ அளவு. வளர்ந்தால் ஒரு சாண் வரை போகும். நத்தை, சிப்பி, நட்சத்திர மீன், தூங்கும் மீன் எல்லாம் அதற்குத் தீனி. பவளத்தை மிதித்துக் கவிழ்ப்பது கொசுறு. சங்கின்மேல் கடல் சாமந்தியைச் சுமந்து நடக்கும் டார்டானஸ் பெடன்குலாட்டஸ் பார்க்க அதிசயமாக இருக்கும். அதற்கென்று தனித் தொட்டி வைப்பவர் வாங்கட்டும்.

இன்னொரு கூட்டமும் உண்டு: தண்ணீரில் வாழவே வாழாத நிலத் துறவி நண்டுகள், கோயனோபிட்டா இனம். கடற்கரைச் சுற்றுலா இடங்களில் சங்கில் வண்ணம் பூசி விற்பது பெரும்பாலும் இவைதான். குழந்தைகள் கேட்டு வாங்கி வருவார்கள், வீட்டில் தொட்டி இருக்கிறதே என்று யாராவது உள்ளே போட்டுவிடுவார்கள். அது மூழ்கிச் சாகும். அதன் செவுள் ஈரக் காற்றுக்குப் பழகியது. விற்பவர் காய்ந்த டப்பாவில் மணலில் வைத்திருந்தால் அது தொட்டிக்கு உரியதில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மெரினாவிலோ மகாபலிபுரத்திலோ பிடித்து வந்தால் என்ன? நம் கரையில் கிடைக்கும் பல இனங்கள் சேற்றிலும் முகத்துவாரத்திலும் பழகியவை. என்ன இனம், எவ்வளவு வளரும், எதைத் தின்னும் என்பது தெரியாது. ஒட்டுண்ணிகளையும் சேர்த்துக் கொண்டுவரும். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள 21 தீவுகள் 1986 முதல் மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா. அங்கிருந்து எதை எடுத்தாலும் குற்றம். பேச்சோடு பேச்சாக: கல் பவளங்கள் எல்லாமே 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்புப் பட்டியலில் இருப்பவை. 'லைவ் ராக்' (நுண்ணுயிர்கள் குடியிருக்கும் கடல் கல்) என்று யாராவது மன்னார் வளைகுடாக் கல்லை விற்றால் வாங்காதீர்கள். செராமிக் கல்லும் செயற்கைக் கல்லும் இரண்டு மாதத்தில் அதே வேலையைச் செய்யும்.

எத்தனை

நாலு லிட்டருக்கு ஒன்று என்று ஒரு பழைய கணக்கு சுற்றிக்கொண்டிருக்கிறது. அதன்படி 100 லிட்டர் தொட்டிக்கு 25 நண்டு. முதல் மாதம் தொட்டி பளிச்சென்று இருக்கும், இரண்டாம் மாதம் பாசி தீர்ந்து ஒன்றை ஒன்று தின்னத் தொடங்கும். ஆம்பூர் பிரியாணிக்குக் கத்திரிக்காய் எப்படியோ அப்படித்தான் தொட்டிக்குத் துறவி நண்டு. பக்கத்தில் கொஞ்சம் இருக்க வேண்டும், தட்டு முழுக்க அதுவே கூடாது. 100 லிட்டருக்கு மூன்று அல்லது நாலு, 200 லிட்டருக்கு ஆறிலிருந்து எட்டு. அதிலும் பாதியை முதலில் விட்டு, ஒரு மாதம் பார்த்து மீதியை வாங்குங்கள். கடையில் விற்கும் கடல் துறவி நண்டுகள் ஏறத்தாழ எல்லாமே கடலில் பிடித்தவை. குறைவாக வாங்க அதுவும் ஒரு காரணம்.

கண்ணாடியில் படியும் பச்சைப் படலத்தை நண்டு சுத்தம் செய்யாது. அதற்கு நத்தை. மணலுக்குள் புதைந்து கிளற நசாரியஸ் நத்தை. கல் இடுக்குக்கும் முடிப்பாசிக்கும் நண்டு. ட்ரிக்கர், பஃபர், பெரிய ராஸ் வகை மீன் வைத்திருப்பவர்கள் நண்டு வாங்கினால் அது மீனுக்கு வாங்கிய விருந்து.

கடையில்

வேலூரில் நன்னீர் மீன் கடைகளுக்குக் குறைவில்லை; கடல் உயிரினம் என்றால் பெரும்பாலும் சென்னை கொளத்தூருக்குத்தான் போக வேண்டியிருக்கும். அங்கே தெரு நெடுகக் கடைகள், ஒரே நண்டு ஒவ்வொரு கடையிலும் ஒவ்வொரு பெயரில். 'ரெட் லெக்' என்றால் ஸ்கார்லெட்டாகவும் இருக்கலாம், வேறு ஏதாவதாகவும் இருக்கலாம். பெயரை விட்டுவிட்டுக் கொடுக்கையும் கண்காம்பையும் பாருங்கள்.

முதல் கேள்வி: "அண்ணே, இந்த டேங்க்ல காப்பர் மருந்து போட்டிருக்கீங்களா?" அதே தொட்டியில் இறாலும் நத்தையும் உற்சாகமாகத் திரிந்தால் பதிலை நம்பலாம். நண்டுகள் தனி டப்பாவில், புதிதாக வந்த கலக்கத்தில் கிடந்தால் இன்னும் ஒரு வாரம் கழித்து வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள்.

பிறகு நண்டைப் பாருங்கள். நடமாட வேண்டும், மீசையை ஆட்ட வேண்டும், எதையாவது கிள்ளிக் கிள்ளி வாய்க்குக் கொண்டுபோக வேண்டும். கடைக்காரரை எடுத்துத் தரச் சொல்லுங்கள். எடுத்த கணமே சங்குக்குள் விசுக்கென்று இழுத்துக்கொள்ள வேண்டும். தொட்டாலும் கால்கள் தொங்கினால் வேண்டாம். கொடுக்கோ காலோ ஒன்று குறைந்தால் பெரிய பிழையில்லை, ஓட்டை உரிக்கும்போது மெல்ல வளர்ந்துவிடும். இரண்டு மூன்று குறைந்தால் அடிபட்ட நண்டு. சங்கை விட்டு வெளியே அம்மணமாகக் கிடக்கும் நண்டைப் பரிதாபப்பட்டு வாங்காதீர்கள். நாற்றம் வருகிறதா என்று ஒரு முறை மோந்து பாருங்கள். செத்த நண்டின் நாற்றம் தப்பாது. கடைசியாகச் சங்கின் முதுகு: அதில் பழுப்பு நிறத்தில் சின்னஞ்சிறு சாமந்திபோல் விரிந்து நிற்பது ஐப்டேசியா என்னும் தொல்லைக் கடல் சாமந்தியாக இருக்கலாம். அது தொட்டிக்குள் நுழைந்தால் ஒழிப்பது வருடக்கணக்கு வேலை.

ஒவ்வொன்றையும் தனித்தனி கவரிலோ டப்பாவிலோ போடச் சொல்லுங்கள். ஒரே கவரில் போட்டால் வழியிலேயே சண்டை, கவரும் கிழியும். அதே கடையில் காலி சங்குகளும் கேட்டு வாங்குங்கள். செத்த நத்தைகளின் ஓட்டைப் பலர் சும்மாவே கொடுப்பார்கள்.

திரும்பி வருவது சாயங்கால வேலையாக இருக்கட்டும். சென்ட்ரலில் இருந்து காட்பாடிக்கு ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம். மூடியுள்ள தெர்மகோல் பெட்டி போதும். கோடையில் ஐஸ் பாட்டில் வைப்பதானால் நியூஸ்பேப்பரில் நாலு சுற்றுச் சுற்றி ஓரமாக வையுங்கள். நேரே கவரில் பட்டால் குளிரே கொன்றுவிடும். வெயிலில் நிற்கும் காரின் டிக்கியில் பத்து நிமிடம்கூட வேண்டாம்.

தொட்டியில் விடுதல்

மீனைவிட நண்டு உப்பு மாற்றத்துக்கு அஞ்சும். கவரை மிதக்கவிட்டு அரைமணியில் கவிழ்ப்பது இங்கே உதவாது. நண்டை அதன் தண்ணீரோடு ஒரு சின்ன வாளியில் விட்டு, தொட்டியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் இறக்க வேண்டும். அதற்கு நம் ஊரில் கருவி தேடி அலைய வேண்டாம். மெடிக்கல் ஷாப்பில் புது டிரிப் செட் ஒன்று வாங்கி, ஊசியைக் கழற்றிப் பத்திரமாக அப்புறப்படுத்திவிட்டு, சக்கரத்தைத் திருகி நொடிக்கு இரண்டு மூன்று சொட்டு விழும்படி வையுங்கள். ஒரு மணி நேரம் முதல் ஒன்றரை மணி வரை. வாளியின் உப்புச் செறிவு தொட்டியோடு ஒத்துப்போனதை ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்தபின், நண்டை மட்டும் கையால் எடுத்து மணலில் வையுங்கள், சங்கின் வாய் கீழே இருக்கும்படி. வாளித் தண்ணீர் தொட்டிக்குள் போகக் கூடாது, சாக்கடைக்கு.

விளக்கை அணைத்துவிடுங்கள். முதல் நாள் ஒளிந்துகொள்ளும். மறுநாள் நடக்கும்.

பவளத் துண்டுகளைக் கல்லில் சும்மா சாய்த்து வைத்திருந்தால் இரண்டே நாளில் கீழே கிடக்கும். ஜெல் வகை சூப்பர் க்ளூவால் முன்பே ஒட்டிவிடுங்கள்.

சங்கு: இதில் கஞ்சத்தனம் வேண்டாம்

துறவி நண்டின் முன்னுடம்புக்குத்தான் ஓடு. வயிற்றுப் பகுதி மெத்தென்று வலப்பக்கம் சுருண்டு இருக்கும். நுனியில் உள்ள கொக்கிபோன்ற உறுப்பால் சங்கின் நடுத்தண்டைப் பிடித்துக்கொள்ளும். அதனால் சங்கின் சுற்றும் வாய் அகலமும் அதற்குப் பெரிய விஷயம். கூர்முனை மேலே இருக்க வாய் நம்மைப் பார்க்கும்படி பிடித்தால், வாய் வலப்பக்கம் இருக்க வேண்டும். பூஜை அறையில் இருக்கும் சாதாரண இடம்புரிச் சங்கு அப்படித்தான் இருக்கும். கடல் சங்குகளில் மிகப் பெரும்பாலானவை அப்படியே.

ஒரு நண்டுக்கு இரண்டு மூன்று உதிரிச் சங்கு. இப்போது இருக்கும் சங்கின் அளவில் ஒன்று, வாய் சற்றே அகலமாக ஒன்று, அதற்கும் பெரிதாக ஒன்று. சுவர் தடிமனாக, விளிம்பு உடையாமல் இருக்க வேண்டும். கோயில் ஊர்க் கடைகளில் விற்கும் பளபளப்பான சங்குகளில் வார்னிஷ் பூசியிருப்பார்கள், சிலவற்றில் சாயம். தொட்டிக்குள் அவை வேண்டாம். சில பெரிய சங்கினங்கள் சட்டப் பாதுகாப்பில் இருப்பவை என்பதால் அலங்காரச் சங்கு வாங்குவதில் அந்தச் சிக்கலும் உண்டு. கிடைத்த சங்கைப் பத்து நிமிடம் கொதிக்கவைத்து, உள்ளே சதை மிச்சமில்லை என்று பார்த்து, டி.ஐ. தண்ணீரில் அலசி, மணலில் வாய் மேலே தெரியும்படி பரப்பி வையுங்கள். நண்டு வந்து கொடுக்கால் வாயை அளக்கும், உருட்டிப் பார்க்கும், மனம் ஒப்பினால் கண்மூடித் திறப்பதற்குள் மாறிவிடும். பிடிக்காமல் பழையதற்கே திரும்புவதும் நடக்கும்.

உதிரிச் சங்கு வைத்தால் நத்தை சாகவே சாகாது என்று நான் சொல்லமாட்டேன். குறையும். ஒரு நத்தைகூடப் போகக் கூடாது என்பவர் நண்டே வைக்காமல் இருப்பதுதான் நேர்மையான வழி.

தீனி, உரிப்பு, கொசு

பாசி கண்ணுக்குத் தெரியும்வரை கவலையில்லை. குறைந்ததும் வாரம் இரண்டு முறை தனியாகத் தீனி: மூழ்கும் பெல்லட் ஒன்றிரண்டு, மசாலா சேர்க்காத நோரித் தாளில் (காய்ந்த கடற்பாசித் தாள்) நகம் அளவு, ஃப்ரோசன் மைசிஸ் (குட்டி இறால்போன்ற உயிரி), அல்லது மீன் மார்க்கெட்டில் வாங்கிய பச்சை இறாலில் அரிசி அளவு ஒரு துண்டு. இரவில் விளக்கு அணைந்தபின் நண்டின் அருகிலேயே போடுங்கள். மறுநாள் காலையில் மிச்சம் இருந்தால் எடுத்துவிட்டு அடுத்த முறை குறையுங்கள்.

ஒருநாள் காலையில் கொடுக்கு, கால், கண்காம்பு எல்லாம் இருக்க ஒரு முழு நண்டு மல்லாந்து கிடப்பதைப் பார்ப்பீர்கள். உடனே பயந்து எண்ணிக்கையைக் குறைக்காதீர்கள். அது பெரும்பாலும் உரித்துப் போட்ட சட்டை. எடுத்துப் பார்த்தால் உள்ளே காலியாக, லேசாக இருக்கும், நாற்றம் இருக்காது. செத்த நண்டு என்றால் கனமாக, நாற்றத்தோடு, வயிறு சங்குக்கு வெளியே தொங்கும். உரித்த நண்டு ஓடு இறுகும் வரை இரண்டு மூன்று நாள் ஒளிந்திருக்கும். அந்த நேரம் கல்லைத் தூக்கித் தேடாதீர்கள். சட்டையை அங்கேயே விட்டால் தானோ மற்றதோ தின்றுவிடும், அதில் உள்ள சுண்ணாம்பு வீணாகாது. உரிப்புக்கு அயோடின் சொட்டு மருந்து ஊற்றச் சொல்வார்கள். டெஸ்ட் கிட் இல்லாமல் ஊற்றவேண்டாம். வாரம் பத்து சதவீதம் தண்ணீர் மாற்றினால் நல்ல ரீஃப் சால்ட்டே தேவையானதைக் கொடுத்துவிடும்.

கொசுவை மறந்துவிடக் கூடாது. சுருள், லிக்விட், ஸ்ப்ரே எல்லாவற்றிலும் பெரும்பாலும் பைரெத்ராய்டு வகை மருந்துதான். மனிதருக்கு அதிகம் தெரியாத அளவே நண்டுக்கும் இறாலுக்கும் கடும் நஞ்சு. தொட்டி இருக்கும் அறையில் ஸ்ப்ரே அடிக்கவே கூடாது, லிக்விட் மெஷினும் வேண்டாம், கொசுவலை கட்டுங்கள். மாநகராட்சியின் கொசுமருந்துப் புகை அடிக்கும் வண்டி தெருவில் வரும் சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்தி, ஏர் பம்ப் வெளிக்காற்றை உள்ளே இழுக்காமல் அரைமணி நேரம் நிறுத்திவையுங்கள். அந்த நேரத்துக்கு வேவ்மேக்கர் மட்டும் ஓடினால் போதும். கையில் கொசுக் களிம்போ சானிட்டைசரோ தடவியிருந்தால் முழங்கை வரை கழுவிவிட்டுத்தான் தொட்டிக்குள் கைவிட வேண்டும்.

இத்தனை பார்த்தும் வாங்கிய நண்டு வேறு இனமாகப் போய், வளர்ந்து வம்பு செய்தால், மூடியில் துளையிட்ட பிளாஸ்டிக் டப்பாவில் அதைத் தொட்டிக்குள்ளேயே தனியாக வைத்துவிட்டுக் கடைக்குப் போன் செய்யுங்கள். பெரும்பாலும் திரும்ப எடுத்துக்கொள்வார்கள், பணம் வராவிட்டாலும். மகாபலிபுரம் போகும்போது கடலில் விட்டுவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். கரீபியன் நண்டுக்கு வங்கக் கடலில் வேலையில்லை. தொட்டியிலிருந்து அது எந்த நோயைச் சுமந்து போகிறது என்பதும் நமக்குத் தெரியாது.